இலையைத் திருப்பிப் பாருங்கள்: பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு நாள்

பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் தென்னமரம் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. பெயர் காதில் விழும்போதே தமிழ். ஆனால் அந்தத் தோட்டம் சரித்திரத்தில் இடம் பிடித்தது தென்னையால் அல்ல, செம்பனையால். 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை, காப்பி சரிவராமல் போன நிலத்தில் இங்கே செம்பனையை நட்டார். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். அந்தத் துரை பிற்பாடு இந்த மண்ணைப் பற்றி 'மலேசி' என்று ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கிக்கொண்டார்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. செம்பனை இந்தப் பக்கத்துக்கு வந்தபோது அது அழகுக்கு வைக்கும் மரம். 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு நான்கு கன்றுகள் வந்தன. அவற்றின் வாரிசுகள் சுமத்திராவில் பாதையோர வரிசை மரங்களாக நின்றன. 1870-களில் மலாயாவுக்கும் அலங்கார மரமாகவே வந்து சேர்ந்தன. ஃபோக்கோனியேகூட 1911, 12 வாக்கில் கோலசிலாங்கூர் ரந்தாவ் பாஞ்சாங்கில் தன் தோட்டத்துப் பாதைக்கு அழகாக இருக்கட்டும் என்றுதான் முதலில் நட்டார். இன்று நம் தாமான் வீட்டு வாசலில் ராஜபனை வைக்கிறோமே, அப்படி.

வானொலியில் காலை நேர நிகழ்ச்சி செய்கிறேன். வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசும் நாட்களில் தொலைபேசி ஓயாது. 'வாசல் மரத்தில் இலை மஞ்சளாகுது', 'கெம்போஜா இலையெல்லாம் கொட்டுது', 'இலையில் கரி பூசின மாதிரி இருக்கு'. எல்லாக் கேள்வியும் ஒரே இடத்தில் வந்து முடியும்: 'என்ன மருந்து அடிக்கலாம்?' மரத்துக்கு என்ன என்று கேட்பவர் குறைவு. மருந்தின் பெயரைக் கேட்பவர்தான் அதிகம்.

அதனால்தான் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போனேன். மரத்தின் இலையைப் பார்த்தே பிழைத்த ஊர் அது. மருந்தை அவசரப்பட்டு அடித்தால் என்ன ஆகும் என்று நூறு வருட அனுபவத்தில் தெரிந்துகொண்ட ஊரும் அதுதான்.

பழைய பெயர், புதிய வீடுகள்

கோலாலம்பூரிலிருந்து லாதார் நெடுஞ்சாலையைப் பிடித்து இஜோக்கில் இறங்கினால் கொஞ்ச தூரம்தான். 2007-இல் ஊரின் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். பெயர்ப் பலகையில் அதுதான் இருக்கிறது. ஆனால் நம்மவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். வழியெல்லாம் செம்பனை. நடுநடுவே புதிய தாமான்கள். ஒரு காலத்தில் லயத்து வீட்டில் இருந்த குடும்பங்கள் இப்போது இரண்டு மாடி வரிசை வீட்டில் இருக்கின்றன. கார் நிறுத்தும் இடம் போக மிஞ்சிய ஆறடி மண்ணில் ஒரு கெம்போஜா, ஒரு வெட்சிப் புதர், ஒரு கறிவேப்பிலை, மூலையில் நெட்டிலிங்கம்.

அப்படி ஒரு வீட்டில்தான் நான் சந்திக்கப் போன பெரியம்மா இருந்தார். தோட்டத்தில் பல வருடம் 'மருந்து கேங்'கில் வேலை செய்தவர். முதுகில் பம்பைச் சுமந்து செம்பனை வரிசைக்குள் நடந்தவர். என்னைப் பார்த்ததும், "வா கண்ணு, ரேடியோவுல பேசுற பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு, காப்பி ஆறுவதற்குள் வாசல் செடியைக் காட்டத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு செடியிடமும் அவர் முதலில் செய்தது ஒரே வேலை: இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பது.

வீட்டில் மரம் வைத்திருக்கும் எல்லோரும் முதலில் பழக வேண்டியது அதுதான். பூச்சி, பூஞ்சை, முட்டை எல்லாம் பெரும்பாலும் இலைக்கு அடியில்தான் குடியிருக்கும். மேல்பக்கத்தில் நமக்குத் தெரிவது அதன் விளைவு மட்டும்.

பழைய இலையா, புது இலையா?

அடுத்து பார்க்க வேண்டியது, கெட்டுப்போனது பழைய இலையா, கொழுந்தா என்பது. தோட்டத்தில் இதை ஒரு சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். செம்பனைக்கு என்ன உரம் போடுவது என்று முடிவு செய்ய இலையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஏதோ ஒரு இலையை அல்ல. உச்சியில் முழுதாக விரிந்த இளம் மட்டையை ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வந்து, 17-ஆவது மட்டையிலிருந்துதான் எடுப்பார்கள். இலையின் வயது தெரியாமல் அதன் நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பதே காரணம்.

வீட்டு மரத்துக்கும் இதே கணக்குதான். நைட்ரஜன், மக்னீசியம், பொட்டாசியம் போன்ற சத்துகளை மரம் தனக்குள் இடம் மாற்றிக்கொள்ளும். பற்றாக்குறை வந்தால் பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும், தான் சாப்பிடாமல் பிள்ளைக்கு ஊட்டும் தாய் மாதிரி. அதனால் அடி இலை முதலில் மஞ்சளாகும். மக்னீசியம் குறைந்த செம்பனையில் அடி மட்டைகள் ஆரஞ்சு நிறமாகிவிடும். தோட்டத்தில் அதற்குக் கீசரைட் உரம் போடுவார்கள். வீட்டில் எப்சம் உப்பு போதும்.

இரும்புச் சத்து வேறு மாதிரி. மரம் அதை எளிதில் இடம் மாற்றாது. அது குறைந்தால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சளாக, வலை விரித்தது போல இருக்கும். வெட்சியில், நாம் இட்லிப் பூ என்று சொல்கிறோமே, அதில் இதை அடிக்கடி பார்க்கலாம். அதுவும் மதிலோரம் வைத்த செடியில். காரணம் மதிலிலேயே இருக்கிறது. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு மண்ணில் இறங்கி மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. பூச்சி மருந்தை வாளி வாளியாக ஊற்றினாலும் இது தீராது. மக்கிய இலைதழை உரமும், கடையில் கிடைக்கும் இரும்புச் சத்துக் கரைசலும், முடிந்தால் மதிலை விட்டுக் கொஞ்சம் தள்ளி நடுவதும்தான் வழி.

மூன்றாவது, மஞ்சள் எப்படிப் படர்ந்திருக்கிறது என்பது. எலுமிச்சையில் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும். நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளானால் பெரும்பாலும் சத்துக் குறைவு. ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி திட்டுத் திட்டாக இருந்தால் 'கிரீனிங்' நோயாக இருக்கலாம். ஒரு சின்னஞ்சிறு தத்துப்பூச்சி பரப்பும் பாக்டீரியா நோய் அது. அதற்கு இன்றுவரை மருந்தில்லை. மரத்தை எடுத்துவிடுவதுதான் பக்கத்து வீட்டு மரத்துக்குச் செய்யும் உதவி. அந்தத் தத்துப்பூச்சிக்குக் கறிவேப்பிலையும், வேலிக்கு வைக்கும் வாசனைப் பூச்செடியான கெமுனிங்கும் பிடித்த இடங்கள். எலுமிச்சை வைத்திருப்பவர்கள் இவற்றின் கொழுந்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

கரி, துரு, மடிப்பு, ஓட்டை

பெரியம்மா வீட்டுத் தெருவில் நடந்தால் போதும், வானொலிக்கு வரும் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

இலையில் கரி பூசியது போலிருந்தால் அது கரும்பூஞ்சை. அது இலையைத் தின்பதில்லை. மேலே இருக்கும் வெள்ளை ஈயோ மாவுப்பூச்சியோ செதிள்பூச்சியோ சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பு நீரைக் கழிக்கும். அது விழுந்த இடத்தில் பூஞ்சை வளரும். அந்த இனிப்புக்காக எறும்பு வரும். வந்த எறும்பு அந்தப் பூச்சிகளை மாடு மேய்ப்பது போல மேய்த்து, அவற்றின் எதிரிகளை விரட்டிவிடும். எனவே எறும்பு ஏறும் வழியை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்கலாம். முதலில் நாலைந்து இலையில் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்ற இலைகளுக்குப் போங்கள்.

கெம்போஜாவின் இலையைத் திருப்பினால் ஆரஞ்சு நிறத்தில் மஞ்சள்தூள் கொட்டியது போல் இருக்கிறதா? அது துரு நோய். மேல்பக்கம் வெறும் புள்ளிகள்தான் தெரியும். உதிர்ந்த இலையைக் கூட்டிக் குப்பைப் பையில் கட்டிப் போட வேண்டும். தண்ணீரை இலை மேல் பீய்ச்சாமல் வேருக்கு ஊற்ற வேண்டும். கிளைகள் நெருக்கமாக இருந்தால் காற்றுப் போக இடம் விட்டு வெட்ட வேண்டும். இதற்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது.

வேலிக்கு வைத்த சிறு இலை ஆல மரங்களில் கொழுந்து இலை நீளவாக்கில் மடிந்து சிவப்புப் புள்ளியோடு இருந்தால், உள்ளே இலைப்பேன் குடியிருக்கிறது. மடிப்புக்குள் மருந்து போகாது. மடிந்த நுனிகளை வெட்டிப் பையில் கட்டிப் போட்டுவிட்டால் போதும்.

நெட்டிலிங்கத்தின் இளம் இலையைப் பச்சைப் புழு கடித்திருந்தால், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கறுப்பில் பச்சைப் புள்ளி வைத்த ஒரு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அது. நாலு இலை போனால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

ராஜபனை, தென்னை ஓலைகள் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியது போல் விரிந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை. ஓலை குருத்தாக மடிந்திருக்கும்போதே வண்டு துளைத்துவிடும். அது விரியும்போதுதான் நமக்குத் தெரியும். இன்று ஓலைக்கு மருந்து அடித்துப் பயனில்லை. வண்டு முட்டையிடுவது மக்கும் மரக்கட்டையிலும் குப்பையிலும்தான். சுற்றிலும் செம்பனையை வெட்டி மறுநடவு செய்யும் காலத்தில் இந்தப் பக்கத்து வீட்டுப் பனைகளுக்கு இந்தத் தொல்லை கூடும். வீட்டைச் சுற்றி மக்கிக் கிடக்கும் கட்டைகளை அகற்றுவதும், குருத்து இடுக்கைச் சுத்தமாக வைத்திருப்பதும் நம் கையில் இருக்கிறது.

பொட்டலப் புழு சொன்ன பாடம்

தெருமுனையில் நிழலுக்கு வைத்திருந்த மரத்தில் சுருட்டின காய்ந்த இலை போலச் சின்னச் சின்னப் பைகள் தொங்கின. பெரியம்மா ஒன்றைப் பிய்த்துக் கையில் வைத்து, "இது ஊருக்கே பழைய ஆளு" என்றார். மலாயில் 'உலாட் பூங்குஸ்', பொட்டலப் புழு. இலைத்துணுக்கையும் பட்டுநூலையும் சேர்த்துப் பை தைத்து, அதற்குள்ளேயே வாழும். தலையை மட்டும் வெளியே நீட்டி இலையைச் சுரண்டித் தின்னும். பெண் புழுவுக்குச் சிறகே முளைப்பதில்லை. பைக்குள்ளேயே முட்டையிட்டுச் செத்துவிடும். குஞ்சுகள் நூலில் தொங்கி, காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போய்ச் சேரும். செம்பனையில் ஏறினால் மட்டை எரிந்தது போல் காய்ந்து, விளைச்சல் இரண்டு வருடத்துக்குப் படுத்துவிடும். 2013-இல் அரசாங்கம் இதைச் சட்டப்படி ஆபத்தான பூச்சி என்றே அறிவித்தது.

இந்தப் புழு எப்படி இவ்வளவு பெரிய ஆளானது என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. 1950-களின் பிற்பகுதியிலும் 60-களின் தொடக்கத்திலும், மலாயாத் தோட்டங்களில் பூச்சி தெரிந்தால் டி.டி.டி. வகையைச் சேர்ந்த, நீண்ட நாள் தங்கும் மருந்துகளை அடித்தார்கள். புழு குறையவில்லை. பெருகியது. பிரையன் வூட் என்ற பூச்சியியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். பைக்குள் இருக்கும் புழு தப்பித்துக்கொண்டது. அந்தப் புழுவைத் தேடிவந்து அதன் உடம்பில் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகள் வெளியே பறந்துகொண்டிருந்தன. அவை முழுதாக மருந்தில் செத்துப்போயின. காவல்காரன் இல்லாத வீட்டில் திருடனுக்கு என்ன பயம்? கண்மூடித்தனமாக அடிப்பதை நிறுத்திய இடங்களில் குளவிகள் திரும்பி வந்தன, புழு அடங்கியது. 1968-இல் வூட் எழுதிய புத்தகம் மலேசியச் செம்பனைப் பூச்சிகளைப் பற்றிய அடிப்படை நூலானது. எல்லாப் பூச்சியையும் கொல்லாமல், வேண்டியதை மட்டும், வேண்டிய நேரத்தில் கட்டுப்படுத்தும் முறைக்கு உலகம் காட்டும் ஆரம்ப உதாரணங்களில் நம் தோட்டங்களும் ஒன்று.

இன்று தோட்டச் சாலையோரங்களில் காலையில் மலரும் வெள்ளை மஞ்சள் பூக்களையும், இளஞ்சிவப்பாகக் கொடியில் தொங்கும் 'ஆயர் மாத்தா பெங்காந்தின்' பூக்களையும் பார்த்தால் அழகுக்கு வைத்தது என்று நினைப்போம். 'மணமகள் கண்ணீர்' என்று அழகான பெயரும் அந்தக் கொடிக்கு உண்டு. ஆனால் அவை குளவிக்கு வைத்த சாப்பாட்டுக் கடை. தேன் குடிக்க வரும் குளவி பக்கத்துச் செம்பனையில் புழுவைத் தேடும். 1981-இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்ன வண்டுதான் இன்று செம்பனைப் பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கிறது. அதற்கு முன் ஆட்கள் கையால் செய்த வேலை அது. தோட்டத்தில் பறப்பதெல்லாம் எதிரி என்றிருந்தால் இன்று குலையே இருக்காது.

வீட்டு மரத்தில் பொட்டலப் புழு வந்தால், எட்டும் உயரத்தில் இருப்பதைக் கையால் பிய்த்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பெரிய மரமென்றால், குஞ்சாக இருக்கும்போது 'பி.டி.' என்ற பாக்டீரியா மருந்து வேலை செய்யும். அது தின்னும் புழுவை மட்டும் தாக்கும், குளவியைத் தொடாது.

பம்பைச் சுமந்தவர்கள்

நம் வீடுகளில் பாட்டி, அத்தை, பெரியம்மா என்று யாராவது ஒருவர் மருந்து கேங்கில் இருந்திருப்பார். புல்லுக்கு அடித்த மருந்துகளில் பெயர் பெற்றது பாராகுவாட். அது நகத்தைக் கெடுக்கும், மூக்கில் ரத்தம் வரவைக்கும், தோலைப் புண்ணாக்கும், குடித்துவிட்டால் மீட்க மருந்தில்லை. 2002-இல் தெனாகனித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிமருந்து எதிர்ப்பு அமைப்பும் தோட்டத்துப் பெண்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டன. அந்த வருடமே அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006-இல் அது தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல்தான். நடுவில் பதினேழு வருடங்களுக்கு மேல் போய்விட்டன.

பெரியம்மா தன் கையைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. பேரன் வீட்டு வாசலில் மருந்து அடிக்கும் பம்பு மட்டும் இருக்கக் கூடாது என்று மகனிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அந்தப் பேரன் கெம்போஜாவுக்குக் கீழேதான் விளையாடிக்கொண்டிருந்தான்.

களைக்கொல்லி பற்றி இன்னொன்று. பக்கத்து நிலத்தில் புல்லுக்கு அடித்தது காற்றில் வந்து விழுந்தால், நம் மரத்தின் இலையில் ஓரிரு நாளில் காய்ந்த பொட்டுகள் விழும். காற்று வந்த பக்கம் மட்டும் இருக்கும், பிறகு பரவாது. சில களைக்கொல்லிகளில் கொழுந்து வெளுத்து, ஒல்லியாகச் சுருங்கி வரும். இதை நோய் என்று நினைத்து மேலும் மருந்து அடிப்பது அடிபட்டவனை மறுபடி அடிப்பதுதான். தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தால் மரமே தேறிவிடும்.

ஐந்து மணி மரம்

மாலையில் கோலசிலாங்கூருக்குப் போனேன். புக்கிட் மெலாவத்தியில் பழைய கோட்டை, பீரங்கிகள், 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்த குன்று. வெள்ளி நிறக் குரங்குகள் குட்டியோடு உட்கார்ந்திருக்கும். குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். அவை முக்கியமாக இலை தின்னும் குரங்குகள். மரத்தில் கிழிந்த இலையைப் பார்த்துப் பூச்சி தேட வேண்டாம்.

தூங்குமூஞ்சி மரத்தை மலாயில் 'புக்குல் லீமா' என்பார்கள், ஐந்து மணி. மாலையானாலும் மழை மூட்டம் வந்தாலும் இலையை மடித்துக்கொள்ளும். வாடிவிட்டது என்று பயப்பட ஒன்றுமில்லை, காலையில் விரிந்துவிடும். கெத்தாப்பாங் மரம் வருடத்தில் ஓரிரு முறை சிவந்து மொத்தமாக உதிரும். பிப்ரவரி, மார்ச் வெயிலில் பால்மரம் மொட்டையாகி, செம்பு நிறத்தில் துளிர்க்கும். இதெல்லாம் மரத்தின் குணம். காலம் தவறி உதிர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். 2017-லிருந்து இந்நாட்டுப் பால்மரங்களைப் பெஸ்டலோஷியோப்சிஸ் என்ற பூஞ்சை அப்படித்தான் தாக்குகிறது. விரிந்து முதிர்ந்த இலையில் வட்டப் பொட்டு விழுந்து, பருவமில்லாத பருவத்தில் மரம் மொட்டையாகிறது.

இலை நோய் என்பது சின்ன விஷயமில்லை. இலங்கையில் 1869-இல் தொடங்கிய துரு நோய் அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழித்தது. பால்மரத்தின் சொந்த ஊரான தென்னமெரிக்காவில் ஓர் இலைக்கருகல் நோய், பெரிய தோட்டமாக வளர விடாமல் செய்தது. ஹென்றி ஃபோர்டு 1920-களின் கடைசியில் பிரேசிலில் தொடங்கிய தோட்டமே அதனால் படுத்தது, 1945-இல் விற்கப்பட்டுவிட்டது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 பால்மரக் கன்றுகளோடு அந்த நோய் வரவில்லை. அதனால்தான் மலாயாவில் ரப்பர் தழைத்தது, அதற்காகத்தான் நம் முன்னோர் கப்பல் ஏற்றப்பட்டார்கள். தென்னமெரிக்காவிலிருந்து செடி, விதை எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இலை வழியே பேசினாலும், நோய் வேரிலும் தண்டிலும் இருக்கும் மரமும் உண்டு. சாலையோர அங்சானா அப்படி. கிளை ஒன்றில் இலை வாடி, பிறகு மரமே வாடினால் ஃபியுசேரியம் பூஞ்சையாக இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கு, மலாக்கா வீதிகளில் அங்சானாக்கள் நோயில் கூட்டமாகச் செத்தன. பிற்காலத்தில் சிங்கப்பூரில் ஆராய்ந்தபோது, மின்னல் தாக்கிய மரத்தில் வண்டு துளைக்க, அந்த வழியே பூஞ்சை நுழைவதாகத் தெரிந்தது. அப்படிப்பட்ட மரத்தை நாமே வைத்தியம் பார்க்கக் கூடாது, விழுந்தால் ஆள் மேல் விழும். ஊராட்சி மன்றத்துக்குச் சொல்லுங்கள். வீட்டு மரத்தில் புரியாத நோய் என்றால், நல்ல இலை, பாதி கெட்ட இலை, முழுதும் கெட்ட இலை மூன்றையும் காகிதத்தில் சுற்றி, மரத்தின் படத்தோடு மாவட்ட விவசாய இலாகாவுக்குக் கொண்டுபோங்கள். வெறும் காய்ந்த இலையை வைத்து அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

இருட்டிய பிறகு

கோலசிலாங்கூர் வரை வந்துவிட்டு கம்போங் குவந்தான் மின்மினியைப் பார்க்காமல் திரும்ப முடியாது. சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்கள். துடுப்புப் படகு சத்தமில்லாமல் போகும். இலை இலையாய் உட்கார்ந்திருக்கும் மின்மினிகள் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும். அவற்றின் குஞ்சுப் புழுக்கள் மரத்தில் இல்லை. கரையோரச் சேற்றிலும் புல்லிலும் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. மேலே பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் எந்த வாய்க்காலில் எதைக் கழுவினாலும், இந்த ஆற்றுக்குத்தான் வந்து சேரும்.

படகில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. சின்னப் பெண் கையை நீட்டி, எட்டிய கிளையில் ஓர் இலையைத் திருப்பினாள். அடியிலும் ஒரு மின்மினி இருந்தது. "அம்மா, இங்கேயும் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். படகுக்காரர் துடுப்பை நிறுத்தி, எல்லோரும் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார்.